பழைய இரும்புக்குள் கிடந்த வேகம்

மசில் கார் எண்டால் எங்களில் கனபேருக்கு முதலில் ஞாபகம் வருவது ஃபாஸ்ட் அன்ட் ஃபியூரியஸ் படத்தில் வின் டீசல் ஓட்டுகிற அந்தக் கறுப்பு டொட்ஜ் சார்ஜர்தான். தகப்பனும் மகனும் கராஜில் வைத்துக் கட்டிய கார் எண்டு படத்தில் கதை வரும். சரி, கட்டினார்கள். ஆனால் அந்த எஞ்சினுக்கான பாகங்கள் எங்கிருந்து வந்தன? எந்தக் கடையில், யாரிடம், என்ன விலைக்கு? அவற்றை எப்படித் தெரிந்தெடுத்தார்கள்? பாக்கிறதுக்குச் சின்னக் கேள்விதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போனால் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க இளைஞர்களின் ஒரு பெரிய வரலாறு வெளியே வரும். தொழிற்சாலை யாருக்கு என்ன விற்றது, யாருக்கு விற்க மறுத்தது, யார் அதை மீறித் தங்கட கையால செய்தார்கள் என்ற வரலாறு அது.

நடுத்தர அளவுள்ள இரண்டு கதவுக் காருக்குள் பெரிய வி8 எஞ்சினை வைத்து, இளைஞர்களால் வாங்கக்கூடிய விலைக்கு விற்றதைத்தான் மசில் கார் என்கிறோம். 1964இல் வந்த பொன்டியாக் ஜீரிஓவைத் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். ஆனால் எஞ்சினின் கதை அதற்கு 32 வருசத்துக்கு முன்னமே தொடங்கிவிட்டது.

தண்ணியில்லாத ஏரிகள்

1932இல் ஹென்றி ஃபோர்ட் தன்னுடைய வி8 எஞ்சினை வெளியிட்டார். 221 கன அங்குலம், 65 குதிரைவலு. இன்றைய கணக்கில் இது ஒன்றுமேயில்லை. ஆனால் அதுவரை வி8 என்பது பணக்காரர் ஓடுகிற காருக்குரிய சாமான். ஃபோர்ட் அதன் சிலிண்டர் தொகுதியை ஒரே வார்ப்பாக வார்த்து, 500 டொலருக்கும் குறைந்த காருக்குள் வைத்தார். சில வருசத்தில் அந்தக் கார்கள் பழசாகி, கைமாறி, சாதாரண வீட்டுப் பெடியளின் கைக்கு வந்து சேர்ந்தன.

லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே, பாலைவனத்தில், மியூரொக், எல் மிராஜ் என்று காய்ந்துபோன ஏரிகள் இருக்கின்றன. மேசை மாதிரித் தட்டையான களிமண் தரை. வார இறுதிகளில் பெடியள் தங்கட பழைய ஃபோர்டுகளை அங்கே கொண்டுபோய் ஓடவிட்டார்கள். 1937இல் பல கழகங்கள் கூடித் தெற்கு கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கத்தை அமைத்தன. வேகத்தை அளக்க ஒரு முறை வந்ததும், அதைக் கூட்டவேணும் எண்ட ஆசையும் வந்தது. ஆனால் கடையில் போய் வேண்டுவதற்குப் பாகம் மிகக் குறைவு.

வேகமான எஞ்சின் என்றால் என்ன என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் பார்த்துவிடுவம். எஞ்சினை ஒரு காற்றுப் பம்பாக நினையுங்கோ. கூடின காற்றையும் எரிபொருளையும் உள்ளே இழுத்து, நன்றாக அமுக்கி எரித்து, புகையை விரைவாக வெளியே தள்ளினால் வலு கூடும். இதைக் கூட்ட நாலு வழி. சிலிண்டரின் கொள்ளளவைக் கூட்டலாம். சிலிண்டர் ஹெட்டில் காற்றுப் போகும் பாதையைப் பெருப்பிக்கலாம். வால்வுகள் எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் திறந்திருக்கவேணும் என்று தீர்மானிக்கும் காம்ஷாஃப்டை மாற்றலாம். காபரேற்றரையும் அது இருக்கிற மனிஃபோல்டையும் மாற்றலாம். ஆனால் இந்த நாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவேணும். பெரிய காமைப் போட்டுவிட்டுச் சின்ன ஹெட்டை வைத்தால், இருந்த வலுவும் போய்விடும். கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற மாதிரித்தான். ஆகவே பாகம் தேடுவது என்பது காசு கொடுத்துச் சாமான் சேர்க்கிற வேலை மட்டுமல்ல. எது எதோடு சேரும் என்ற அறிவைத் தேடுவதும்தான்.

கன்சாஸிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்து கராஜ் நடத்திய விக் எடெல்புறொக், தன் 1932 ஃபோர்டுக்கு இரண்டு காபரேற்றர் பிடிக்கக்கூடிய மனிஃபோல்ட் ஒன்றைத் தானே வடிவமைத்தார். அந்தக் கார் ஓடுவதைக் கண்டவர்கள் எங்களுக்கும் ஒண்டு செய்து தாங்கோ எண்டு கேட்டார்கள். இன்றும் உலகம் முழுக்க விற்கப்படும் எடெல்புறொக் பாகங்கள் அப்படித்தான் தொடங்கின.

ஆர்மீனியக் குடியேறிகளின் பிள்ளையான எட் இஸ்கெண்டேரியன் 1921இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் இருந்துவிட்டுத் திரும்பி, தன்னுடைய காருக்கு விசேட காம் ஒன்று தேடினார். காம் செதுக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். போர் முடிந்து வந்த எல்லாப் பெடியளும் அவர்களிடமே வரிசையில் நின்றார்கள். காத்திருக்க ஏலாமல், பழைய அரைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி, அதைக் காம் செதுக்கும் இயந்திரமாக மாற்றினார். ஒரு பாகம் கிடைக்கவில்லை என்ற எரிச்சலில் இருந்து ஒரு தொழிலே பிறந்தது.

அண்ணனின் சட்டை தம்பிக்கு

புதுப் பாகம் செய்ய வசதியில்லாத ஆயிரக்கணக்கானவர்கள் போன இடம் பழைய வாகனங்களை உடைத்து விற்கிற யார்ட். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு சுற்றுச் சுற்றியவர்களுக்கு அந்த உலகம் உடனே விளங்கும். அமெரிக்காவில் அது நகரத்துக்கு நகரம் இருந்தது.

அந்த யார்ட்டுகளில் பெடியள் ஒரு முக்கியமான விசயத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரே நிறுவனத்தின் வேறு வேறு கார்களுக்குள் இருக்கிற பாகங்கள் பல நேரம் ஒன்றுக்கொன்று பொருந்தும். 1949ஆம் ஆண்டு மேர்க்குரி காரின் கிராங்க் பிஸ்டனை 4 அங்குலம் ஓடவைக்கும். அதன் தம்பியான ஃபோர்டில் அது 3.75 அங்குலம்தான். அந்த மேர்க்குரி கிராங்கைக் கழற்றி ஃபோர்ட் எஞ்சினுக்குள் போட்டு, சிலிண்டரையும் 3.375 அங்குலத்துக்குக் குடைந்தால் 286 கன அங்குலம் கிடைக்கும். அண்ணன் போட்ட சட்டையைத் தம்பி போடுகிற மாதிரி, வீட்டுக்குள்ளேயே காரியம் முடிஞ்சிடும்.

யார்ட் வியாபாரமும் மாறியது. லித்துவேனியாவிலிருந்து வந்த இஸ்ரேல் வோர்ஷோவ்ஸ்கி 1915இல் சிக்காகோவில் பழைய இரும்பு யார்ட் ஒன்றைத் தொடங்கினார். 1930களில் அவருடைய மகன் சஞ்சிகையில் விளம்பரம் போட்டு, விலைப்பட்டியலைத் தபாலில் அனுப்பத் தொடங்கினார். ஜே.சி. விற்னி என்ற பெயரில் அந்தப் பட்டியல் பிறகு அமெரிக்காவின் மூலைமுடுக்கெல்லாம் போனது. 1948 ஜனவரியில் றொபேர்ட் பீற்றர்சன் ஹொட் றொட் சஞ்சிகையின் முதல் இதழைக் கொண்டுவந்தார். விலை 25 சதம். யார் என்ன பாகம் போட்டு என்ன வேகம் எடுத்தார், அந்தப் பாகம் எங்கே வாங்கலாம் என்ற செய்திகள் அதில் வந்தன. ஏரிக்கரையில் வாய்வழியாகப் பரவிய அறிவு அச்சில் ஏறி, கலிபோர்னியாவைக் காணாத ஒரு கிராமத்துப் பெடியனின் கைக்கும் போனது.

ஒரு குறிப்புக் கடிதம்

சோரா ஆர்கஸ் டண்டோவ் ரஷ்ய யூதப் பெற்றோருக்குப் பிரசல்ஸில் பிறந்த பொறியியலாளர். நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். ஃபோர்ட் வி8க்கு விசேட சிலிண்டர் ஹெட் செய்து, தன் பெயரிலிருந்தே எழுத்துகளை எடுத்து ஆர்டன் என்று பெயர் வைத்து விற்றவர். 1953இல் அவர் ஜெனரல் மோட்டர்ஸின் ஷெவ்ரலே பிரிவில் சேர்ந்தார். அந்த வருசம் டிசம்பரில், இளைஞர்கள், ஹொட் றொட்காரர், ஷெவ்ரலே ஆகிய மூன்றையும் பற்றித் தன் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார்.

அதன் சாரம் இதுதான். இந்தச் சஞ்சிகைகளைப் பார்த்தால் முழுக்க ஃபோர்ட். இந்தப் பெடியள் நாளைக்குக் காசு உழைத்துப் புதுக் கார் வாங்கும்போதும் ஃபோர்ட்தான் வாங்குவார்கள். நாங்கள் புது வி8 ஒன்று கொண்டுவந்தால் மட்டும் அவர்கள் எங்கட பக்கம் வரமாட்டார்கள். ஏனெண்டால் ஃபோர்டுக்குப் பல வருசமாகத் தேறிய பாகங்கள் சந்தையில் இருக்கு. ஆகவே காமும் வால்வும் மனிஃபோல்டும் நாங்களே ஆயத்தமாகச் செய்து, அவர்களுக்குக் கிடைக்கச் செய்யவேணும்.

ஒரு பெரிய நிறுவனம், கராஜில் நின்ற பெடியளைத் தனக்கு வெளியே உள்ள தொந்தரவாகப் பார்க்காமல், கற்றுக்கொள்ள வேண்டிய ஆட்களாகப் பார்த்த இடம் இது. அதேநேரம் இது வியாபாரக் கணக்கும்தான். பெடியள் இலவசமாகக் கண்டுபிடித்ததைப் பார்சல் கட்டி அவர்களுக்கே திருப்பி விற்கிற யோசனை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேணும்.

1955ஆம் ஆண்டு மாடல்களோடு ஷெவ்ரலேயின் சின்ன வி8 வந்தது. 265 கன அங்குலம். பாரம் குறைவு, செய்யச் செலவு குறைவு, வேகமாகச் சுழலும். எல்லாவற்றையும் விட முக்கியம், இரண்டு சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையிலான தூரம் 4.4 அங்குலம் என்று வைத்தார்கள். பிறகு எஞ்சின் எவ்வளவு பெருத்தாலும் அந்த அளவை மாற்றவேயில்லை. ஆகவே அடுத்தடுத்த வருசப் பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தின. 2011இல் ஜெனரல் மோட்டர்ஸ் தன்னுடைய பத்துக் கோடியாவது சின்ன வி8ஐக் கொண்டாடியது. இவ்வளவு பெருந்தொகையாக ஒரு எஞ்சின் இருந்தால் எந்த யார்ட்டில் போய்க் கிளறினாலும் ஏதாவது அகப்படும்.

இலக்கங்களை வாசிப்பது

யார்ட்டில் கிடக்கிற எல்லா எஞ்சினும் பார்க்க ஒரே மாதிரி. எண்ணெய்ப் பிசுக்கும் துருவும்தான். தெரிந்தவன் கம்பித் தூரிகையால் தேய்த்து இலக்கம் பார்ப்பான். சிலிண்டர் தொகுதியின் பின்பக்கம், கியர் பெட்டி பொருத்தும் விளிம்புக்குப் பக்கத்தில் வார்ப்பு இலக்கம் இருக்கும். முன்பக்கத்தில், வலது ஹெட்டுக்கு முன்னால், ஒரு சின்ன மட்டமான இடத்தில் எஞ்சின் எந்த வாகனத்துக்குச் செய்யப்பட்டது என்பதற்கான குறியீடு குத்தப்பட்டிருக்கும். சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் ஒட்டகத் திமில் மாதிரி இரண்டு மேடு தெரிந்தால் உடனே தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். அது 1960களின் வலுக்கூடின 327 எஞ்சின்களில் வந்த ஹெட்.

இந்தப் பொருத்தக் கணக்குக்கு நல்ல உதாரணம் 302. 327 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 3.25 அங்குலம். 283 எஞ்சினின் ஓட்டம் 3 அங்குலம். 327இன் தொகுதிக்குள் 283இன் கிராங்கைப் போட்டால் 302 கன அங்குலம். கொள்ளளவு குறைகிறதே, இதில் என்ன லாபம் எண்டு கேக்கலாம். பெரிய விட்டம் பெரிய வால்வுக்கு இடம் தரும். குறுகிய ஓட்டம் எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழலவிடும். 1967இல் ட்ரான்ஸ் ஆம் ஓட்டப்போட்டியின் உச்சவரம்பு 305 கன அங்குலம். ஷெவ்ரலே கமாரோ சீ/28 காருக்கு அதே 302 சேர்க்கையைத்தான் போட்டது. பெடியள் தாங்களே சேர்த்துப் பார்த்த வகைக் கூட்டு, விலைச்சீட்டோடு காட்சியறைக்கு வந்து நின்றது.

ஏமாறுகிற இடமும் உண்டு. 1968இல் ஷெவ்ரலே கிராங்கின் பிரதான தாங்கி விட்டத்தை 2.30 அங்குலத்திலிருந்து 2.45க்கு மாற்றியது. அதற்கு முந்திய கிராங்க் அதற்குப் பிந்திய தொகுதிக்குள் அப்படியே இருக்காது. விசயம் தெரியாமல் வாங்கினவனுக்கு அது வெறும் இரும்பு.

பின்கதவு

1957இல் அமெரிக்க கார் உற்பத்தியாளர் சங்கம் ஓட்டப்போட்டிகளுக்கு ஆதரவு கொடுப்பதில்லை என்று தீர்மானித்தது. 1963இல் ஜெனரல் மோட்டர்ஸ் தன் பிரிவுகளுக்கு அதே தடையை மறுபடி இறுக்கியது. ஆனால் பாகங்கள் நிற்கவில்லை. பெயர் மட்டும் மாறியது. பொலிஸ் வாகனத்துக்கானது, பாரவேலைக்கானது, ஏற்றுமதிக்கானது என்று எழுதிப் பட்டியலில் போட்டார்கள். யாருக்கு எந்தப் பாக இலக்கத்தைக் கேட்கவேணும் எண்டு தெரியுமோ அவருக்குக் கிடைத்தது.

பொன்டியாக் ஜீரிஓ வந்ததும் இப்படித்தான். நடுத்தரக் காருக்குள் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்பது நிறுவன விதி. ஜோன் டிலோறியனும் அவருடைய சக பொறியியலாளர்களும் 389 எஞ்சினைப் புது மாடலாக இல்லாமல், விரும்பினால் சேர்க்கக்கூடிய தெரிவு ஒன்றாகப் பட்டியலில் போட்டார்கள். முதல் வருசமே 32,450 கார் விற்றது. வெற்றியைக் கண்டபிறகு விதியைப் பற்றி யார் கதைக்கிறது?

1969இல் இலினோயில் லா ஹார்ப் என்ற சின்ன ஊரின் கார் விற்பனையாளர் ஃபிரெட் கிப், நிறுவனத்தின் விசேட கட்டளை வழியைப் பாவித்து, முழு அலுமினிய 427 எஞ்சின் பூட்டிய 50 கமாரோக்களைக் கேட்டார். எஞ்சினுக்கு மட்டும் 4,000 டொலருக்கு மேல். கார் 7,000 டொலரைத் தாண்டியது. அந்த விலைக்கு வாங்க ஆளில்லாமல் பலதைத் திருப்பி அனுப்பினார். மொத்தமாகச் செய்யப்பட்டவை 69.

வெண்டெல் ஸ்கொட்

இதுவரை சொன்னது பாகம் கிடைத்தவர்களின் கதை. இஸ்கெண்டேரியன் பிறந்த அதே 1921இல் வேர்ஜினியாவின் டான்வில் நகரத்தில் பிறந்தவர் வெண்டெல் ஸ்கொட். கறுப்பினத்தவர். அவரும் இரண்டாம் உலகப்போரில் இராணுவத்தில் இருந்தார், வாகன மெக்கானிக்காக. திரும்பி வந்து கராஜ் நடத்தினார், டாக்சி ஓடினார், கள்ளச்சாராயம் ஏற்றினார். பிறகு ஓட்டப்போட்டிக்கு வந்து, 1961இல் நாஸ்காரின் உச்சப் பிரிவில் ஓடத் தொடங்கினார்.

வெள்ளையின ஓட்டுநர்களுக்குத் தொழிற்சாலையின் பின்கதவால் புது எஞ்சினும் புதுப் பாகமும் போன காலம் அது. ஸ்கொட்டுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. மற்றவர்கள் ஓடிக் கழித்த கார்களையும் பழைய பாகங்களையும் வாங்கி, பிள்ளைகளின் உதவியோடு தானே எஞ்சின் கட்டினார். 1963 டிசம்பர் 1ஆம் திகதி புளோரிடாவின் ஜாக்சன்வில்லில், இன்னொரு ஓட்டுநரிடம் வாங்கிய பழைய ஷெவ்ரலேயில் ஓடி வென்றார். ஆனால் வெற்றிக்கொடி இன்னொருவருக்குக் காட்டப்பட்டது. கணக்கில் பிழை நடந்துவிட்டது, வென்றது ஸ்கொட்தான் என்று அறிவித்தபோது சனம் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டது. வெற்றிக் கிண்ணமும் அவருக்குக் கிடைக்கவில்லை. 495 போட்டிகள் ஓடிய அவர் 1990இல் இறந்தார். அந்தக் கிண்ணம் 2021இல்தான் அவருடைய குடும்பத்தின் கையில் கொடுக்கப்பட்டது.

பழைய இரும்பு எல்லாருக்கும் பொதுவானது எண்டு சொல்லுறது பாதிதான் உண்மை. யார்ட் பொதுவாக இருந்திருக்கலாம். தொழிற்சாலையின் பின்கதவு எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை. ஸ்கொட்டின் எஞ்சினை வேகமாக்கியது அவருடைய கை. மற்றவரின் எஞ்சினை வேகமாக்கியதில் ஒரு நிறுவனத்தின் கையும் இருந்தது.

ஈயமும் எண்ணெயும்

1970க்குப் பிறகு நிலைமை தலைகீழாகியது. காப்புறுதிக் கட்டணம் இளைஞர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. 1970இன் தூய காற்றுச் சட்டம் புகையைக் குறைக்கச் சொன்னது. 1973இல் எண்ணெய் நெருக்கடி. 1970இல் 300 குதிரைவலு என்று சொல்லப்பட்ட கோர்வெட்டின் அடிப்படை எஞ்சின் 1975இல் 165க்கு இறங்கியது. அளக்கும் முறை மாறியதும் அதில் ஒரு பங்கு.

மசில் கார் பிரியர்கள் இந்தச் சட்டங்களைத் திட்டுவதுண்டு. ஆனால் அந்த எஞ்சின்களின் உயர் அமுக்கத்துக்குத் தேவைப்பட்ட பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம் புகையோடு வெளியே வந்து குழந்தைகளின் இரத்தத்தில் சேர்ந்தது. வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கார் ஓடாதவர்களும் கட்டினார்கள். ஈயம் போனபோது பாகம் தேடுகிறவர்களின் வேலையும் மாறியது. ஈயப் பூச்சு இல்லாமல் பழைய வால்வு இருக்கைகள் தேய்ந்துபோகும். ஆகவே கடினமான இருக்கை பதித்த ஹெட் தேடவேண்டி வந்தது.

ஆனால் கராஜ் மூடவில்லை. 1970இல் வந்த 400 எஞ்சினின் கிராங்கைக் கழற்றி, தாங்கி விட்டத்தை 2.65இலிருந்து 2.45க்குக் கடைந்து, சற்றே குடைந்த 350 தொகுதிக்குள் போட்டார்கள். கிடைத்தது 383 கன அங்குலம். எந்த ஷெவ்ரலே காட்சியறையிலும் காணாத எஞ்சின். முழுக்க யார்ட்டில் பிறந்தது.

இலக்கம் யாருக்கு?

இன்று அந்தக் கார்களின் நிலை வேறு. பிறந்தபோது பூட்டிய அதே எஞ்சின்தானா என்பதை உறுதிசெய்ய இலக்கம் பார்க்கிறார்கள். இலக்கம் ஒத்துப்போனால் விலை பல மடங்கு. லா ஹார்ப்பில் விற்காமல் திரும்பிப்போன கமாரோக்கள் இன்று பல இலட்சம் டொலருக்கு ஏலம் போகின்றன. விலைக்காகப் பழைய இலக்கத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகக் குத்துகிற மோசடியும் நடக்குது.

ஒரு காலத்தில் அந்த இலக்கத்தை வாசித்தது, எந்தப் பாகத்தைக் கழற்றி எதற்குள் போடலாம் என்று அறியத்தான். இப்போது எதையும் கழற்றாமல் வைத்திருக்க வாசிக்கிறார்கள். எஞ்சின் அதேதான். அதைக் கையில் வைத்திருக்கிற ஆள் மாறிவிட்டார்.

அதற்காக எல்லாம் முடிஞ்சுபோச்சு எண்டு நினைக்காதேங்கோ. 1999இலிருந்து ஷெவ்ரலே பிக்கப் வாகனங்களில் வந்த 5.3 லீற்றர் வி8, இப்போது அமெரிக்க யார்ட்டுகளில் மலிவாகக் கிடைக்கும் எஞ்சின்களில் ஒன்று. அதன் சிலிண்டர் மையத் தூரமும் அதே 4.4 அங்குலம். கையில் பெரிய காசில்லாத இன்றைய பெடியளும் பெட்டையளும் அதைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பழைய கார்களுக்குள் வைக்கிறார்கள். ஏலமண்டபத்தில் ஒரு இலக்கத்துக்கு இலட்சங்கள் கைமாறுகிற அதே நாட்டில், எங்கேயோ ஒரு யார்ட்டில், ஒருத்தி கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து இன்னொரு இலக்கத்தை வாசித்துக்கொண்டிருப்பாள். விற்கிறதுக்கில்லை, தன்ர காருக்குள்ள அது இருக்குமோ எண்டு பாக்கிறதுக்கு.